ஒரே எழுத்து மாறினால் புரதம் என்ன ஆகும்? அப்பாவுக்கு சிக்கிள் டெஸ்ட் நெகட்டிவ், பிள்ளைக்கு எப்படி நோய்?

குறிஞ்சி டீச்சர் (கூடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் சடுதிமாற்றம் என்றாலே கதிர் அரிவாள் ரத்தசோகைதான் (சிக்கிள் செல் நோய்) எடுத்துக்காட்டு. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைச் செய்யும் பீட்டா குளோபின் மரபணுவில் ஆறாவது கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) ஜிஏஜி, ஜிடிஜி ஆகிறது. குளூட்டாமிக் அமிலம் போய் வாலின் வருகிறது. சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. பாடம் அதோடு முடிந்துவிடும். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டில் சிக்கிள் அட்டை இருக்கிறது. அவர்கள் கேட்பதற்கு அந்த நாலு வரி பதில் ஆகாது.

எனக்கு இரண்டு விஷயம் தெளிவாக வேண்டும்.

ஒன்று. பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலம் இருக்கிறது. அதில் ஒன்று மாறியதற்கு ஏன் இவ்வளவு பெரிய விளைவு? அதே ஆறாவது இடத்தில் வாலினுக்குப் பதில் லைசின் வந்தால் நோய் லேசாகத்தான் இருக்கும் என்கிறார்கள். அது ஏன்?

இரண்டு. பயிற்சித்தாளுக்காக ஒரு குடும்பக் கணக்கு: அம்மா சிக்கிள் கேரியர் (ஒரு பிரதியில் மட்டும் மாற்றம், நோய் இல்லை). அப்பாவுக்கு, சிக்கிள் ஹீமோகுளோபினைத் தேடும் சாலுபிலிட்டி டெஸ்ட் நெகட்டிவ். ஏழு வயதுப் பிள்ளைக்கு ரத்தசோகை, அடிக்கடி எலும்பு வலி. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. அறிக்கையில் எஸ் (சிக்கிள் வகை) 79, எஃப் (கருக்கால வகை) 16, ஏ2 (இயல்பிலேயே சிறிதளவு இருக்கும் வகை) 5 சதவீதம். இயல்பான ஏ சுத்தமாக இல்லை. எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 66. ஒடுங்கு பண்பு என்றால் இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டுமே? கணக்கை மாற்ற வேண்டுமா, இப்படியும் நடக்குமா?

---

மடிப்பு

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் டீச்சர். இரண்டாவதற்கு ஆய்வகத்தில் இருப்பவர்கள் வரட்டும்.

பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது இது: ஹீமோகுளோபின் எஸ் தன் வேலையை மறந்துவிட்ட புரதம் இல்லை. நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடிக்கிறது, திசுவில் விடுகிறது. ஆக்சிஜனைப் பிடிக்கும் இரும்புள்ள ஹீம் இருக்கும் பள்ளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது இடம் புரதத்தின் வெளிப்பரப்பில் இருக்கிறது. கெட்டுப்போனது பழைய வேலை அல்ல. பழகாத ஒரு புது வேலையைப் புரதம் கற்றுக்கொண்டுவிட்டது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வேலை.

குளூட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, நீரோடு சேர்ந்து இருக்கும். வாலின் எண்ணெய்த்தன்மை உள்ளது, நீரை விட்டு ஒதுங்கப் பார்க்கும். ஆக்சிஜனை விட்டதும் ஹீமோகுளோபின் தன் வடிவத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறது இல்லையா? அந்த வடிவத்தில், பீட்டா சங்கிலியின் 85ஆம் இடத்து ஃபினைல் அலனினும் 88ஆம் இடத்து லியூசினும் சேர்ந்து எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு சின்னக் குழியை வெளியே காட்டுகின்றன. சாதாரண ஹீமோகுளோபினிலும் அந்தக் குழி உண்டு. அதில் போய் உட்கார யாரும் இல்லாததால் ஒன்றும் நடப்பதில்லை. எஸ்-இல் பக்கத்து மூலக்கூறின் வாலின் வந்து, காஜாவில் பட்டன் மாட்டுவதுபோல் மாட்டிக்கொள்கிறது. அடுத்தது, அதற்கடுத்தது என்று நீண்டு, 14 இழைகள் முறுக்கிய ஒரு நார் உருவாகிறது. சிவப்பணுவை வளைப்பது அந்த நார். ஆக்சிஜன் திரும்ப ஏறினால் குழியின் வடிவம் மாறி நார் கரைந்துவிடும். ஆனால் இப்படி வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து சவ்வு சேதமான அணு ஒரு கட்டத்தில் வளைந்தபடியே நின்றுவிடும்.

லைசினுக்கு நேர்மின்னூட்டம். எண்ணெய்க் குழிக்குள் அது போகாது. அதனால் லைசின் வந்த ஹீமோகுளோபின் சி-யில் இந்த நார் கிடையாது. அதற்காக அதைத் தொந்தரவே இல்லாதது என்றும் சொல்லிவிடாதீர்கள். சி இருக்கும் சிவப்பணு நீரை இழந்து சுருங்கும், உள்ளே படிகம்கூடக் கட்டும். அதனால்தான் ஒரு பக்கம் எஸ், மறுபக்கம் சி வாங்கிய பிள்ளைக்கு நிஜமான நோய் வருகிறது. சுருங்கிய அணுவுக்குள் எஸ்-இன் செறிவு ஏறிவிடும்.

இந்தச் செறிவு விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள், பாடநூல்கள் தொடாத இடம் இது. சிவப்பணுவுக்குள் ஒரு டெசிலிட்டருக்கு 33 கிராம் அளவுக்கு ஹீமோகுளோபின் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. ஆக்சிஜன் போனவுடனே நார் வந்துவிடாது. ஒரு தாமதம் உண்டு. அந்தத் தாமதம் செறிவின் ஏறக்குறைய 30ஆம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது என்று கரைசலில் அளந்திருக்கிறார்கள். அதாவது எஸ்-இன் செறிவு 10 சதவீதம் குறைந்தாலே தாமதம் 20 மடங்குக்கு மேல் நீளும். நுண்குழாயைக் கடக்க அணுவுக்கு ஏறக்குறைய ஒரு வினாடி ஆகிறது. தாமதம் அதைவிட நீண்டால், அணு வளைவதற்கு முன்பே அகலமான சிரைக்குள் போய்விடும். கேரியருக்கு எஸ் 35 முதல் 40 சதவீதம் இருந்தும் அன்றாடத்தில் ஒன்றும் ஆகாமல் இருப்பது இதனால்தான். நோயாளிகளிடம் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். அணுவுக்குள் நீர் இருந்தால் செறிவு இறங்கும்.

ஹீமோகுளோபின் எஃப் இன்னொரு படி மேலே. அதில் பீட்டாவின் இடத்தில் இருக்கும் காமா சங்கிலியில், 87ஆம் இடத்தில், பீட்டாவில் உள்ள த்ரியோனினுக்குப் பதில் குளூட்டமின் இருக்கிறது. நாரின் பக்கவாட்டு ஒட்டலை அது தடுக்கிறது. ஹைட்ராக்சியூரியா மாத்திரை முக்கியமாக எஃப்-ஐக் கூட்டுவதால் பலன் தருகிறது. 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்ஜெவி மரபணு சிகிச்சையும் ஆறாவது கோடானைத் தொடுவதே இல்லை. எஃப்-ஐ அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவை ரத்தத் தண்டுசெல்லில் தளர்த்திவிடுகிறது, அவ்வளவுதான். எழுத்துப்பிழையைத் திருத்தாமல் நோயைத் தணிக்க முடியும் என்பதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

மற்ற இடங்களில் மாறினால் கதை வேறு. புரதத்தின் உள்மையத்தில் 98ஆம் வாலின் மெத்தியோனின் ஆனால் (ஹீமோகுளோபின் கோல்ன்) மடிப்பே நிலைக்காமல் புரதம் சிவப்பணுவுக்குள் கட்டிதட்டிவிடும். ஹீமுக்குப் பக்கத்தில் 63ஆம் ஹிஸ்டிடின் டைரோசின் ஆனால் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆக்சிஜனைப் பிடிக்காது. ஆள் நீலம் பாரித்திருப்பார். சங்கிலிகள் ஒன்றோடொன்று தொடும் எல்லையில், ஆல்ஃபா 92ஆம் ஆர்ஜினின் லியூசின் ஆனால் ஆக்சிஜனை விட மனமில்லாத ஹீமோகுளோபின் கிடைக்கும்; உடல் அதைச் சரிக்கட்ட சிவப்பணுவைக் கூடுதலாகச் செய்யும். எல்லாமே ஒரே ஒரு அமினோ அமில மாற்றம்தான். மாற்றம் எவ்வளவு பெரியது என்பதைவிட, மடிந்த புரதத்தில் அது எங்கே போய் விழுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

---

ஆய்வகமேசை (கோத்தகிரி)

டீச்சர், உங்கள் கணக்கு சரிதான், மாற்றாதீர்கள். அந்த அப்பாவின் நெகட்டிவ்வைத்தான் சரியாகப் படிக்க வேண்டும்.

சாலுபிலிட்டி டெஸ்ட் மரபணுவைப் பார்க்கும் சோதனை இல்லை. மடிப்பு சார் சொன்ன அந்த ஒட்டலை மட்டும் பார்க்கும் சோதனை. சிவப்பணுவை சபோனின் உடைக்கிறது, டைதயோனைட் ஆக்சிஜனைப் பறிக்கிறது, அடர்த்தியான பாஸ்பேட் கரைசலில் எஸ் மட்டும் கரையாமல் கலங்குகிறது. எஸ் இல்லாத எந்த ரத்தமும் நெகட்டிவ்தான். அப்பாவுக்கு பீட்டா தலசீமியா (பீட்டா சங்கிலி குறைவாக உருவாகும் பழுது) கேரியர் நிலை இருக்கலாம், ஹீமோகுளோபினின் வேறு மாறிய வகைகளான டி இருக்கலாம், இ இருக்கலாம். எதற்கும் கலங்காது. முகாமில் விரல்நுனி ரத்தம் வைத்துக் கோடு பார்க்கும் பட்டைகளும் ஏ, எஸ், சி என்ற புரதங்களைத்தான் தேடும். தலசீமியா கேரியர் அதில் சுத்தமான ஏ என்றே வருவார்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "அப்பாவுக்கு இல்லை, பிள்ளைக்கு இருக்கிறது" என்று அறிக்கையை அரைகுறையாகப் படித்து, அம்மாமேல் பழி போடும் பேச்சு எளிதாகக் கிளம்பும். நெகட்டிவ் என்றால் "எஸ் இல்லை" என்று மட்டுமே பொருள். அறிக்கை கொடுக்கும்போதே இதை வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

செய்முறை கேட்பவர்களுக்கு: ஒரு லிட்டர் கரைசலுக்கு நீரற்ற டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 215 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 169 கிராம், சோடியம் டைதயோனைட் 5 கிராம், சபோனின் 1 கிராம். பாஸ்பேட்டுகள் முழுதாகக் கரைந்த பிறகுதான் மற்ற இரண்டும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். 12-க்கு 75 மி.மீ. குழாயில் 2 மி.லி. எடுத்து, அறைச்சூட்டுக்கு வந்ததும் இ.டி.டி.ஏ. (உறையாமல் தடுக்கும் பொருள்) கலந்த ரத்தத்தைச் சுழற்றி எடுத்த அடர்ந்த சிவப்பணு 10 மைக்ரோலிட்டர் விட்டுக் கலக்கி, 5 நிமிடம் வையுங்கள். கறுப்புக் கோடு போட்ட வெள்ளை அட்டைக்கு முன் இரண்டரை செ.மீ. தள்ளிப் பிடித்தால், கோடு தெரிந்தால் நெகட்டிவ், மறைந்தால் பாசிட்டிவ். கூடவே தெரிந்த கேரியர் ரத்தம் ஒன்று, சாதாரண ரத்தம் ஒன்று என இரண்டு கட்டுப்பாட்டுக் குழாய் இல்லாமல் எந்த முடிவையும் எழுதாதீர்கள்.

எங்கே தவறும்?

முழு ரத்தத்தில் செய்தால், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருப்பவருக்கு எஸ் போதாமல் பொய்யான நெகட்டிவ் வரும். அடர்ந்த சிவப்பணுவை எடுக்கச் சொன்னது அதனால்தான். ரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருந்தால் எஸ் இல்லாமலே கலங்கும். அதற்கும் சிவப்பணுவைப் பிரித்து எடுப்பதே தீர்வு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தச் சோதனையே வேண்டாம், எஃப் மிகுந்து எஸ் குறைவாக இருக்கும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியவருக்கும் நம்ப முடியாது. டைதயோனைட் டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் ஈரக்காற்று பட்டுக் கட்டிதட்டிச் செத்துப்போகும். நம் மலையில் மழைக்காலத்தில் இது மிகச் சீக்கிரம் நடக்கும். சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது.

அதைவிட முக்கியம் குளிர். மார்கழி, தையில் காலை எட்டு மணிக்கு இங்கே அறைச்சூடு என்று ஒன்று கிடையாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கரைசல் மேசைமேல் ஒரு மணி நேரம் இருந்தாலும் சில்லென்றே இருக்கும். எஸ் குளிரில் கூடுதலாகக் கரையும். கலங்க வேண்டிய குழாய் தெளிவாக நிற்கும், கேரியர் ஒருவர் நெகட்டிவ் என்று வீட்டுக்குப் போவார். குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ரத்தம் விடுங்கள்.

கலங்கியது என்றால் கேரியரா, நோயாளியா என்பதும் இதில் தெரியாது. எச்.பி.எல்.சி. அல்லது எலெக்ட்ரோஃபோரசிஸ் (மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் சோதனை) கட்டாயம். கார எலெக்ட்ரோஃபோரசிஸில் டி-யும் எஸ்-உம் ஒரே இடத்தில் வந்து நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பட்டை எஸ் இடத்தில், சாலுபிலிட்டி நெகட்டிவ் என்றால் டி-யைச் சந்தேகியுங்கள்.

---

எக்சான்

ஆய்வகமேசை சொன்னதற்கு மேல், அந்த அப்பாவின் மரபணுவுக்குள் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். டீச்சருக்கு உண்மையில் பயன்படப்போவது இந்தப் பகுதி.

எஸ் புரதத்தின் குணத்தை மாற்றும் மாற்றம். பீட்டா தலசீமியா புரதத்தின் அளவைக் குறைக்கும் அல்லது இல்லாமல் செய்யும் மாற்றம். பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து எஸ் வந்தது. அப்பாவிடமிருந்து பீட்டா சங்கிலியே செய்யாத பிரதி வந்தது. ஆக, சிவப்பணுவுக்குள் ஏ செய்ய ஆளில்லை, இருப்பது எல்லாம் எஸ். ஒடுங்கு பண்பு என்ற விதி எங்கும் உடையவில்லை. இரண்டு பக்கமிருந்தும் பழுது வந்திருக்கிறது, ஆனால் ஒரே பழுது அல்ல. இந்தத் தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு முழு இயல்பு, ஒரு பங்கு சிக்கிள் கேரியர், ஒரு பங்கு தலசீமியா கேரியர், ஒரு பங்கு நோய்.

அளவு எப்படிக் குறைகிறது? இந்தியாவில் பரவலாக உள்ளவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இன்ட்ரானின் (மரபணுவில் வெட்டி நீக்கப்படும் பகுதி) ஐந்தாவது எழுத்து ஜி-க்குப் பதில் சி ஆவதுதான் நம் நாட்டில் அதிகம். அது அமினோ அமிலத்துக்கான எழுத்தே அல்ல. ஆனால் ஆர்.என்.ஏ.வை எங்கே வெட்டி ஒட்ட வேண்டும் என்ற அடையாளம் அதில் மங்கிவிடுகிறது. வெட்டும் இயந்திரம் பக்கத்து போலி இடங்களில் வெட்டிவிடும். சரியான ஆர்.என்.ஏ. கொஞ்சம்தான் தேறும். 15ஆம் கோடான் டிஜிஜி, டிஏஜி ஆனால் டிரிப்டோஃபான் வர வேண்டிய இடத்தில் நிறுத்தக்குறி. 41, 42ஆம் கோடான்களில் டிடிசிடி என்ற நாலு எழுத்து விழுந்தால், மூன்றின் மடங்கு இல்லாததால் அதன்பின் வாசிப்பே இடம் பெயர்ந்து, சற்றுத் தள்ளி ஒரு நிறுத்தக்குறியில் முட்டி நிற்கும். 619 எழுத்து மொத்தமாகப் போன பிரதியும் உண்டு.

பயிற்சித்தாளுக்கு என் யோசனை: வேறு வேறு மரபணு தேடாதீர்கள். ஆறாவது கோடான் ஒன்றையே எடுங்கள்.

ஜிஏஜி, ஜிஏஏ ஆனால் இரண்டும் குளூட்டாமிக் அமிலம்தான், புரதத்துக்கு ஒன்றும் ஆகாது. ஜிடிஜி ஆனால் எஸ். ஏஏஜி ஆனால் சி. நடுவில் உள்ள ஏ மட்டும் விழுந்தால் வாசிப்பு இடம் பெயர்ந்து பீட்டா சங்கிலியே இல்லை, தலசீமியா. ஒரே மூன்றெழுத்தில் நாலு விதி.

அடுத்து 121ஆம் கோடான் ஜிஏஏ. இங்கே முதல் எழுத்து ஒன்று மட்டும் மாறுகிறது. சிஏஏ ஆனால் குளூட்டமின், அதுதான் ஹீமோகுளோபின் டி பஞ்சாப். தனியாக இருந்தால் ஏறக்குறைய பாதிப்பே இல்லை. ஆனால் எஸ்-உடன் சேர்ந்தால் கடுமையான நோய், ஏனென்றால் 121ஆம் இடம் அந்த நாரின் ஒட்டுப்பரப்பில் இருக்கிறது. ஏஏஏ ஆனால் லைசின், ஹீமோகுளோபின் ஓ அரப். டிஏஏ ஆனால் நிறுத்தக்குறி.

அந்த நிறுத்தக்குறியில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதிராத நிறுத்தக்குறி கொண்ட ஆர்.என்.ஏ.வைப் பெரும்பாலும் செல்லே கண்டுபிடித்து அழித்துவிடும். வெட்டியபின் மிஞ்சும் எக்சான் துண்டுகள் சேரும் கடைசி ஒட்டுக்கு 50-55 எழுத்துக்கும் மேலே முன்னால் நிறுத்தக்குறி வந்தால் அழிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. 39ஆம் கோடானில் வந்தால் அழித்துவிடும்; அரைகுறைப் புரதம் உருவாகாது; மறு பிரதி நன்றாக இருந்தால் ஆள் வெறும் கேரியர். 121 இருப்பது மூன்றாவது எக்சானில், அதாவது கடைசியில். அதற்குப் பின் ஒட்டே இல்லை. செல்லுக்குத் தெரியாது, ஆர்.என்.ஏ. தப்பிக்கும், வால் அறுந்த பீட்டா சங்கிலி உருவாகிக் கட்டிதட்டும். அதனால் ஒரே பிரதி கெட்டிருந்தாலும் நோய் வரும், ஓங்கு பண்பு. புரதமே இல்லாததைவிட அரைகுறைப் புரதம் மோசமாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஹீமோகுளோபின் இ இரண்டு பக்கமும் கால் வைத்தது. 26ஆம் கோடான் ஜிஏஜி, ஏஏஜி ஆகிறது; அமினோ அமிலமும் மாறுகிறது, கூடவே பக்கத்தில் உறங்கிக்கிடந்த ஒரு போலி வெட்டும் இடமும் விழித்துக்கொள்கிறது. அதனால் குணமும் மாறும், அளவும் குறையும்.

இன்னொன்று, அறிக்கையில் குழப்பம் வேண்டாம். டி.என்.ஏ. அறிக்கையில் "7ஆம் இடம் குளூட்டாமிக் அமிலம், வாலின்" என்று இருக்கும், பாடநூலில் 6. இரண்டும் ஒன்றுதான். முதலில் வரும் மெத்தியோனின் முதிர்ந்த புரதத்தில் வெட்டப்பட்டுவிடும். அதைச் சேர்த்து எண்ணினால் 7.

பி.சி.ஆர். செய்து எம்எஸ்டி2 அல்லது டிடிஇ1 நொதியால் வெட்டும் செய்முறையைக் கல்லூரியில் காட்டுபவர்களுக்கு: இயல்பான வரிசை சிசிடிஜிஏஜிஜி வெட்டப்படும், எஸ்-இன் சிசிடிஜிடிஜிஜி வெட்டப்படாது. ஆனால் ஆறாவது கோடானில் ஏ விழுந்த தலசீமியாவும் வெட்டப்படாது, அதை எஸ் என்று எழுதிவிடுவீர்கள். சி-யோ இயல்பானதுபோல் வெட்டுப்படும். வெட்டாத பட்டையைப் பார்த்ததும் வரிசைப்படுத்தியோ எச்.பி.எல்.சி.யிலோ உறுதி செய்யுங்கள்.

---

மலைச்சரிவு (பந்தலூர்)

கிராமச் சுகாதாரப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம். ஆய்வகமேசை அண்ணா "எஸ் குளிரில் கூடுதலாகக் கரையும்" என்கிறார். அப்படியானால் குளிர் நல்லதல்லவா? ஆனால் பனிக்காலத்தில்தானே வலி அதிகமாக வருகிறது? கூடலூரிலிருந்து ஊட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது என்ன கவனிக்க வேண்டும்?

---

மடிப்பு

நல்ல கேள்வி. இரண்டும் உண்மைதான், நடக்கும் இடம் வேறு.

எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டுவது சூட்டில் வலுக்கும், குளிரில் தளரும். குழாயில் அதனால்தான் குளிர்ந்த எஸ் கரைகிறது. உடம்புக்குள் ரத்தம் 37 டிகிரியிலேயே இருக்கிறது. வெளியே பனி விழுந்தாலும் நார் கரையப்போவதில்லை. குளிர் செய்வது வேறு: தோலிலும் கைகாலிலும் குழாய்களைச் சுருக்குகிறது. ரத்தம் மெதுவாக நகர்கிறது. முன்னே சொன்ன அந்த ஒரு வினாடிப் பந்தயத்தில் அணு தோற்றுப்போகிறது, குறுகிய இடத்திலேயே வளைந்துவிடுகிறது. குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீரும் குறைத்துக் குடிப்பார்கள், செறிவு ஏறும்.

உயரமும் சேர்கிறது. கூடலூர் ஏறக்குறைய 1,000 மீட்டர், ஊட்டி 2,240. ஊட்டியில் மூச்சில் போகும் ஆக்சிஜனின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. நடுவட்டம் வழியாக ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடுவதால் உடல் பழக நேரமும் கிடையாது. கேரியர்களுக்கு இந்த உயரம் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஏறி இறங்கி ஓடும் விளையாட்டுப் போட்டி என்றால் தண்ணீரும் ஓய்வும் பார்த்துக்கொள்ளுங்கள். நோயுள்ள பிள்ளைக்கு வாந்தி, காய்ச்சல், சளி இருக்கும் நாளில் மேலே கூட்டிப்போக வேண்டாம். கம்பளி உடை, காலுறை, வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டில் கையில். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனை.

---

குறிஞ்சி டீச்சர் (கூடலூர்)

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். பிள்ளையின் எம்.சி.வி. 66 என்று போட்டிருக்கிறேன். இரண்டு எஸ் இருந்தால் எம்.சி.வி. இயல்பாக இருக்கும், எஸ்-உம் தலசீமியாவும் என்றால் குறையும் என்று படித்தேன். ஆகவே 66 என்பதை வைத்தே விடை சொல்லச் சொல்லலாமா?

---

எக்சான்

அதை மட்டும் வைத்துச் சொல்ல வைக்காதீர்கள் டீச்சர். பொதுப் பாடநூலுக்கு அது சரி, நம் மலைக்குப் போதாது.

இந்தியப் பழங்குடி மக்களிடம் ஆல்ஃபா குளோபின் மரபணு ஒன்றோ இரண்டோ விடுபட்டிருப்பது பரவலாக உண்டு. இரண்டு எஸ் உள்ள பிள்ளைக்கு ஆல்ஃபா குறைவும் சேர்ந்தால் எம்.சி.வி. இறங்கிவிடும். இரும்புச்சத்துக் குறைவும் அதையே செய்யும். எஃப் 16 என்பதும் துப்பு ஆகாது. இங்கே உள்ள எஸ், அரபு-இந்திய வகை என்று சொல்லப்படும் மரபுப் பின்னணியோடு வருவது. அதில் எஃப் இயல்பாகவே கூடுதல். ஏ2 5 என்பது தலசீமியா பக்கம் சாய்கிறது. ஆனால் எச்.பி.எல்.சி.யில் எஸ்-இன் மாற்றமடைந்த ஒரு துண்டு ஏ2 இடத்திலேயே வந்து விழுந்து அந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். ஆக மூன்று எண்ணும் சாட்சிதான், தீர்ப்பு இல்லை.

தீர்ப்பு அப்பாவின் ரத்தத்தில் இருக்கிறது. அவருக்கு எம்.சி.வி. 80-க்குக் கீழே, சிவப்பணு எண்ணிக்கை இயல்போ அதிகமோ, ஏ2 4-க்கு மேல் என்றால் தலசீமியா கேரியர். அவருக்கு ஏ2 இடத்தில் 25, 30 சதவீதம் என்று வந்தால் அது ஏ2 அல்ல, இ. இரும்புக்குறை இருந்தால் ஏ2 பொய்யாக இறங்கி எல்லைக்குள் நின்றுவிடும். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பார்த்து, இரும்பு கொடுத்துச் சரிசெய்த பிறகு திரும்பப் பாருங்கள்.

பயிற்சித்தாளில் அப்பாவின் எண்களையும் கொடுத்துவிடுங்கள்: எம்.சி.வி. 68, ஏ2 5.2, எஸ் இல்லை. பிள்ளைகள் தாங்களே வந்து சேர்வார்கள். குடும்பத்துக்கு எந்தச் சமூகத்தின் பெயரும் போடாதீர்கள். 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் எஸ்-ஐக் கண்டு எழுதியதிலிருந்து இந்த நோயோடு இந்த மலை மக்களின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தலசீமியா கேரியர்கள் நாடு முழுக்க எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை தன் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறது என்று நினைத்துத் தலை குனியக் கூடாது.

---

ஆய்வகமேசை (கோத்தகிரி)

எக்சான் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒன்று சேர்க்கிறேன், நிஜக் குடும்பத்துக்கு இப்படி அனுப்ப நேர்ந்தால்.

அப்பா, அம்மா, பிள்ளை மூவரிடமும் ஒரே நாளில் எடுங்கள். ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் 2 மி.லி., எட்டு பத்து முறை மெல்லக் கவிழ்த்துக் கலக்குங்கள், குலுக்காதீர்கள். பிள்ளைக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதம் கழித்தே எச்.பி.எல்.சி.; அவசரம் என்றால் பெற்றோர் இருவரையும் மட்டும் பாருங்கள். ரத்தம் ஏற்றிய தேதி படிவத்தில் இருக்க வேண்டும். ஹைட்ராக்சியூரியா சாப்பிட்டால் அதையும் எழுதுங்கள், எஃப் எண்ணும் எம்.சி.வி.யும் அதனால் ஏறும். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி, ஃப்ரீசரில் கூடாது. ஐஸ் பொதியோடு நேராகக் குழாயை ஒட்ட வைக்காமல் நடுவில் ஒரு துணி மடிப்பு வையுங்கள், உறைந்து உடைந்த ரத்தத்தில் எம்.சி.வி. எடுக்க முடியாது. ரத்த எண்ணிக்கையை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், எச்.பி.எல்.சி.க்கு ஒரு வாரம் வரை தாங்கும். டி.என்.ஏ. சோதனைக்கு என்றால் அதே குழாயில் மீதம் இருப்பதே போதும்.